சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் பாதிப்பு எவ்வளவு தீவிரம்? ஏஐ மூலம் நிலை பிரிப்பதற்கு முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய் கிளினிக்கிலோ கண் முகாமிலோ விழித்திரையைப் படமெடுத்து, டயபடிக் ரெட்டினோபதி (சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு) எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பதை ஏஐ கொண்டு பிரிக்க ஏற்பாடு செய்கிறவர்களுக்கான வழிகாட்டி இது. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மாடலில்தான் (படத்தைப் பார்த்து நிலை சொல்லும் மென்பொருள்) முதலில் கை வைக்கிறார்கள். இங்கே மாடல் ஆறாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஐந்தில் ஒன்றைத் தாண்டிக் குதித்தாலும், மாடல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பார்வை போகும் கட்டத்தில் இருக்கும் ஒருவர் "ஒன்றுமில்லை" என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

1. நிலை பிரித்தபின் என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் எழுதுங்கள்

தீவிரம் என்பது வெறும் எண் அல்ல. அந்த எண் வந்ததும் யாரோ ஒருவர் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். அந்த வேலை எது என்று தெரியாமல் நிலை பிரித்தால், எந்தத் தவறு பெரிய தவறு, எது சிறியது என்று பின்னால் முடிவெடுக்க வழியே இருக்காது.

பயன்படுத்த வேண்டியது 2003-இல் வெளியான சர்வதேசத் தீவிர அளவுகோல். அதில் ஐந்து நிலைகள். பாதிப்பே இல்லையென்றால் நிலை 0. மைக்ரோ அனியூரிசம் எனப்படும் நுண்ணிய நாளப் புடைப்புகள் மட்டும் இருந்தால் நிலை 1. அதற்கு மேல் ரத்தக் கசிவோ மஞ்சள் கொழுப்புப் படிவோ இருந்து, ஆனால் கடுமை என்று சொல்ல முடியாவிட்டால் நிலை 2. கடுமையான பாதிப்பு நிலை 3. புது ரத்த நாளங்கள் முளைத்துவிட்டாலோ, விழித்திரைக்கு முன்னாலோ கண்ணுக்குள் இருக்கும் கூழிலோ ரத்தம் கசிந்திருந்தாலோ நிலை 4.

குழப்பம் வருவது 2-க்கும் 3-க்கும் நடுவில். அதற்குத்தான் 4-2-1 விதி. விழித்திரையை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். நான்கிலும் தலா 20-க்கு மேற்பட்ட ரத்தக் கசிவுகள். அல்லது இரண்டு பகுதிகளிலாவது சிரை மணிமாலை போலப் புடைத்திருப்பது. அல்லது ஒரு பகுதியிலாவது கோணல்மாணலாகக் கிளைத்த நுண்நாளங்கள் தெளிவாகத் தெரிவது. மூன்றில் ஒன்று இருந்தாலே நிலை 3. இந்த நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓராண்டுக்குள் நிலை 4-க்குப் போய்விடக்கூடும். 2 என்று தவறாக எழுதினால் இழப்பது இந்த ஓராண்டைத்தான்.

ஒவ்வொரு நிலைக்கும் நேரே செயலையும் கெடுவையும் எழுதி, கண் மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பொதுவான நடைமுறை இப்படி இருக்கும்: 0-க்கு அடுத்த ஆண்டு மறு படம். 1-க்கு 6 முதல் 12 மாதத்தில் மறு படம். 2 வந்தால் கண் மருத்துவரிடம் ரெஃபர். 3 என்றால் மூன்று மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும். 4 என்றால் ஒரு மாதத்துக்குள். 1-க்கும் 2-க்கும் நடுவில் உள்ள இந்த ரெஃபரல் கோடுதான் பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அச்சாணி.

மாக்குலா (விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வை தரும் பகுதி) வீக்கத்தைத் தனி வரியாக எழுதுங்கள். அதை இந்த ஐந்து நிலைகளுக்குள் அடக்க முடியாது. மாக்குலாவின் மையத்திலிருந்து ஒரு நரம்புத் தட்டின் (பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் வட்டம்) விட்டத்துக்குள் மஞ்சள் படிவு இருந்தால் வீக்கம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ரெஃபர் செய்வது வழக்கம். படிவு இல்லாத வீக்கம் தட்டையான படத்தில் தெரியாது. அதைக் காட்ட ஓசிடி (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன்) வேண்டும். அதனால்தான் அடுத்த படியில் பார்வை அட்டையும் தேவைப்படுகிறது.

2. கையில் இருக்க வேண்டியவை

கருவி: 45 டிகிரி பரப்பைக் காட்டும் ஃபண்டஸ் கேமரா (விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா), முழுதாக இருட்டாக்கக்கூடிய அறை, பார்வை அட்டை, கண்மணியை விரியவைக்கும் டிராபிகமைடு சொட்டு மருந்து, லென்ஸ் துடைக்கும் தாளும் ஊது பந்தும்.

ஆட்கள்: படமெடுக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர், படங்களை நிலை பிரிக்கும் கண் மருத்துவர்கள் இருவர், அவர்கள் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல மூத்த விழித்திரை மருத்துவர் ஒருவர், ரெஃபர் ஆனவர்களை ஃபோனில் பின்தொடர ஒருவர். இந்தக் கடைசி ஆளை நியமிக்காமலே பலர் தொடங்கிவிடுகிறார்கள். ரெஃபரல் சீட்டு வாங்கியவர் மருத்துவமனைக்குப் போனாரா என்று கேட்க ஆள் இல்லையென்றால், நிலை பிரித்ததில் யாருக்கும் ஒரு பலனும் இல்லை.

அனுமதி: இந்தியாவில் நோயறியும் மென்பொருள் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளுக்குள் வருகிறது. நோயாளியின் தரவுக்கு 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மருத்துவத்தில் ஏஐ பயன்படுத்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2023-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளிக்குத் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் முதல் படம் எடுக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். எடுத்து முடித்த படங்களுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க முடியாது.

யாரை ஏஐ வரிசையில் உட்கார வைக்கக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே லேசர் சிகிச்சையோ கண்ணில் ஊசியோ எடுத்தவர்கள், சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகள், திடீரென்று பார்வை மங்கியவர்கள், கண் முன்னால் புதிதாகக் கரும்புள்ளி மிதப்பதாகச் சொல்கிறவர்கள் ஆகியோர் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடி போட்டும் பார்வை 6/12-க்குக் குறைவாக இருப்பவர்களையும், படம் என்ன சொன்னாலும், ரெஃபர் செய்யுங்கள்.

3. படம் எடுப்பது

மொத்த வேலையில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

வரிசை முக்கியம். முதலில் பார்வைச் சோதனை, பிறகு இருட்டறை, பிறகு படம். சொட்டு மருந்து போட்டபின் பார்வை சோதித்தால் அந்த அளவு செல்லாது. படமெடுத்த உடனே சோதித்தாலும் ஃபிளாஷ் கூச்சத்தில் எண் குறையும்.

நோயாளியை ஐந்து நிமிடமாவது இருட்டில் உட்கார வையுங்கள். பெரும்பாலான கேமராக்களுக்குக் கண்மணி 4 மில்லிமீட்டர் அளவாவது விரிந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் படத்தின் ஓரம் கறுத்துவிடும். அறைக்கதவின் கீழிடுக்கில் வரும் வெளிச்சம், கணினித் திரையின் வெளிச்சம், அடிக்கடி உள்ளே எட்டிப் பார்க்கும் ஆளின் செல்ஃபோன் வெளிச்சம் எல்லாமே கண்மணியைச் சுருக்கும். திரையை நோயாளிக்கு முதுகுப் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் மறு கண்ணின் கண்மணியும் சேர்ந்தே சுருங்கும். இது தெரியாமல் இரண்டு கண்ணையும் அடுத்தடுத்து எடுப்பதால்தான் பல இடங்களில் வலக்கண் படம் தெளிவாகவும் இடக்கண் படம் இருட்டாகவும் வருகிறது. ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் பிறகு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். திரும்பக் கூப்பிட்டு எடுக்கும் நேரம் இதைவிட அதிகம்.

கண்ணுக்கு இரண்டு படம்: ஒன்று மாக்குலாவை நடுவில் வைத்து, இன்னொன்று நரம்புத் தட்டை நடுவில் வைத்து. ஒரே படம் எடுத்தால் நரம்புத் தட்டுக்கு மூக்குப்பக்கம் இருக்கும் பகுதி விட்டுப்போகும். புது நாளங்கள் அங்கேயும் முளைக்கும்.

இருட்டில் வைத்தும் கண்மணி விரியாவிட்டால் சொட்டு மருந்து போடுங்கள். வயதானவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அடிக்கடி தேவைப்படும். டிராபிகமைடு வேலை செய்ய 20 நிமிடமாவது ஆகும். அதன்பின் சில மணி நேரத்துக்கு அருகில் இருப்பவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டி வந்திருக்கிறாரா, துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். கண்ணின் முன்கோணம் குறுகியவர்களுக்கு அழுத்தம் திடீரென ஏறக்கூடும். மருந்து போடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கண் வலி, சிவப்பு, வாந்தி வந்தால் உடனே திரும்பி வரும்படி சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

இடக்கண்ணா வலக்கண்ணா என்பது படத்திலேயே தெரியும். வலக்கண் படத்தில் நரம்புத் தட்டு வலப்பக்கம் இருக்கும், இடக்கண் படத்தில் இடப்பக்கம். கோப்பின் பெயரும் படமும் ஒத்துப்போகிறதா என்று படமெடுப்பவரே அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். கண் மாறிப் பதிவான படம் ஏஐயில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே போய்விடும்.

லென்ஸை ஒவ்வொரு நாள் காலையிலும், கூட்டம் அதிகமானால் நடுவிலும் துடையுங்கள். தூசு, படத்தில் சின்னக் கரும்புள்ளியாக விழும். மாடல் அதை ரத்தக் கசிவாக எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அடுத்தடுத்த ஐந்து நோயாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் புரட்டிப் பாருங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் அது தூசு.

4. தேறாத படத்தை என்ன செய்வது

நல்ல மாடல் எதுவும் நிலை சொல்லும் முன் படம் தேறுமா தேறாதா என்று தனியே பார்க்கும். தேறாத படத்துக்கு அது நிலை சொல்லாது. சொல்லவும் கூடாது.

தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் மாடலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் செலுத்திய 1,838 படங்களில் 21 சதவீதத்தை மாடல் தேறாது என்று தள்ளிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் சிறப்பாக நடந்த அதே மாடல்தான். பல கிளினிக்குகளில் படமெடுக்கத் தனி இருட்டறை இல்லை. முன் படியில் இருட்டைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். தேறவில்லை என்றால் லென்ஸைத் துடைத்து, கண்மணி விரியக் காத்திருந்து மறுபடி எடுங்கள். இரண்டாம் முறையும் தேறாவிட்டால் சொட்டு மருந்து போட்டு எடுங்கள். அதன்பின்னும் தேறாவிட்டால் ரெஃபர். நான்காம் முறை முயல வேண்டாம்.

தேறாத படத்தை வெற்று விடையாகவோ நிலை 0 ஆகவோ பதிவது மிக மோசமான தவறு. படம் மங்கலாக வருவதற்குக் கண்புரை ஒரு காரணம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருப்பது இன்னொரு காரணம். அதாவது நிலை 4-இல் இருப்பவரின் படமே தேறாமல் போகலாம். தேறாதது என்பதும் ஒரு முடிவு. அதற்குரிய செயல் மருத்துவரைப் பார்ப்பது.

5. மனிதர்கள் தரும் விடைத்தாள்

மாடலை அளக்க ஒரு சரியான விடை வேண்டும். அதை ஒரே மருத்துவரிடம் வாங்காதீர்கள். நிலை 1, 2 எல்லைகளில் அனுபவம் மிக்க இருவர்கூட வேறு வேறு எழுதுவார்கள். அவர்கள் கவனமில்லாதவர்கள் என்று அர்த்தமில்லை. ஒரு நுண்புடைப்பும் ஒரு சிறு கசிவும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். 2016-இல் வெளியான கூகுளின் ஆய்வில் 1,28,175 படங்களை 54 பேர் சேர்ந்து, ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை பார்த்து நிலை பிரித்தார்கள். விடையை உறுதியாக்க அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது.

உங்கள் அளவில் இவ்வளவு போதும். இருவர் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஏஐ சொன்னதையும் பார்க்காமல் நிலை எழுதட்டும். முரண்படும் படங்கள் மட்டும் மூத்த மருத்துவரிடம் போகட்டும். வேலை தொடங்கும் முன் 50 படங்களை எல்லாரும் சேர்ந்து பார்த்து, 4-2-1 விதியை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசி முடிவுக்கு வரட்டும். பத்தில் ஒரு படத்தைச் சொல்லாமல் இரண்டாவது முறை கலந்து கொடுங்கள். ஒருவர் தன் விடையோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று தெரியும். மருத்துவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையைவிட மாடலின் ஒற்றுமை அதிகம் என்று கணக்கு வந்தால், மகிழும் முன் விடைத்தாளைச் சந்தேகப்படுங்கள்.

6. மாடல்

அங்கீகாரம் பெற்றதை வாங்குவதா, சொந்தமாகப் பயிற்றுவிப்பதா? நோயாளிக்கு விடை சொல்லப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2018 ஏப்ரலில் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற மென்பொருளுக்கு அனுமதி தந்தது. அதற்கான சோதனை 10 இடங்களில் 900 பேரிடம் நடந்தது. நிலை 1-ஐத் தாண்டிய பாதிப்பை 87.2 சதவீதம் பிடித்தது, அந்த அளவு பாதிப்பு இல்லாதவர்களில் 90.7 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது. ஆனால் அது ஐந்து நிலைகளையும் சொல்லவில்லை. ரெஃபர் செய், செய்யாதே என்ற இரண்டு விடைதான். வாங்கும் முன் எத்தனை விடை தருகிறது, எந்த கேமராவுக்கு, எந்த வயதினருக்கு, கண்ணுக்கு எத்தனை படத்துக்கு அனுமதி பெற்றது என்று எழுத்தில் கேளுங்கள். கேமரா மாறினால் நிறமும் கூர்மையும் மாறும்; வேறு கேமராவில் கிடைத்த விகிதங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

ஆய்வுக்காகவோ கற்பதற்காகவோ சொந்தமாகப் பயிற்றுவிப்பவர்களுக்குப் பொதுத் தரவுத்தொகுப்புகள் இருக்கின்றன. ஐபேக்ஸ் தொகுப்பில் பயிற்சிக்கு 35,126 படங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களைக் கொண்ட 2019-ஆம் ஆண்டு ஆப்டாஸ் தொகுப்பில் 3,662. மகாராஷ்டிரத்தின் நாந்தேடில் எடுத்த ஐடிரிட் தொகுப்பில் 516. இவற்றில் விழும் குழிகள் இவை.

எண்ணிக்கைச் சாய்வு. ஐபேக்ஸின் 35,126-இல் 25,810 படங்கள் நிலை 0. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு "0" என்று சொல்லும் மாடலே 73 சதவீதம் சரி என்று வரும். அதனால் மொத்தச் சரி விகிதத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். ஆப்டாஸில் நிலை 3-க்கு 193 படம்தான். நாம் அதிகம் கவலைப்பட வேண்டிய நிலைக்கு இருப்பதிலேயே குறைந்த படங்கள். பயிற்சியின்போது அரிய நிலைகளை அதிக முறை காட்டுங்கள். மாடலை அளக்க ஒதுக்கிய சோதனைத் தொகுப்பில் மட்டும் இயல்பான விகிதத்தை மாற்றாதீர்கள்.

ஒரே ஆளின் இரு கண்கள். படங்களைக் குலுக்கிப் பிரித்தால் ஒருவரின் வலக்கண் பயிற்சிக்கும் இடக்கண் சோதனைக்கும் போய்விடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கும் என்பதால் எண்கள் பொய்யாக உயரும். ஆளை வைத்துப் பிரியுங்கள், படத்தை வைத்து அல்ல. ஒரே படம் இரு பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படத்தைச் சுருக்குவது. 45 டிகிரி படம் விழித்திரையில் சுமார் 13 மில்லிமீட்டரைக் காட்டுகிறது. அதை 224 பிக்செலாகச் சுருக்கினால் ஒரு பிக்செல் ஏறக்குறைய 58 மைக்ரான். 50 மைக்ரான் அளவுள்ள நுண்புடைப்பு ஒரு பிக்செலுக்குள் கரைந்துபோகும். நிலை 1 என்பதே மாடலின் கண்ணில் படாது. 512 பிக்செலில் அது இரண்டு பிக்செல். முடிந்தால் 700, 1000 என்று போங்கள், முதலில் சுற்றியுள்ள கறுப்புச் சட்டத்தை வெட்டிவிட்டு. பயிற்சிப் படங்களைப் பெருக்க அவற்றைச் சுழற்றுவதும் புரட்டுவதும் பரவாயில்லை. மங்கலாக்குவதும் ஓரத்தை வெட்டுவதும் நோயையே அழித்துவிடும். படம் நிலை 2 என்ற பெயரோடு, நிலை 0-வாக உள்ளே போகும்.

நிலைகளுக்கு வரிசை உண்டு. 4-ஐ 3 என்பதும் 4-ஐ 0 என்பதும் ஒரே தவறு அல்ல. ஐந்தையும் தொடர்பில்லாத வகைகளாகப் பயிற்றுவிக்காமல் "0-க்கு மேலா, 1-க்கு மேலா, 2-க்கு மேலா, 3-க்கு மேலா" என்று படிப்படியாகக் கேட்கும் முறையில் பயிற்றுவியுங்கள். மதிப்பிடுவதற்குக் குவாட்ராடிக் வெயிட்டட் கப்பா (மாடலின் விடை மருத்துவர் விடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) பொருந்தும். ஒரு நிலை தவறினால் 1 பங்கு தண்டனை, நான்கு நிலை தவறினால் 16 பங்கு. ஆனால் கப்பா மட்டும் போதாது. 3-களையெல்லாம் 2 என்று சொல்லும் மாடலுக்கும் நல்ல கப்பா கிடைக்கும். நிலை 3-க்கும் 4-க்கும் தனித்தனியாகப் பிடிப்பு விகிதம் (அந்த நிலையில் இருப்பவர்களில் எத்தனை சதவீதத்தினரைப் பிடித்தது) எழுதுங்கள்.

7. வெட்டுப்புள்ளி

மாடல் தருவது நிகழ்தகவு. அதை முடிவாக மாற்றுவது நீங்கள் வைக்கும் வெட்டுப்புள்ளி. அதிக எண் பெற்ற நிலையை அப்படியே விடையாக எடுப்பது வழக்கமான பிழை. ஒரு படத்துக்கு நிலை 0: 0.40, நிலை 1: 0.05, நிலை 2: 0.30, நிலை 3: 0.20, நிலை 4: 0.05 என்று வருகிறது என்று வையுங்கள். அதிக எண் 0-க்குத்தான். ஆனால் 2, 3, 4 மூன்றையும் கூட்டினால் 0.55. இவரை ரெஃபர் செய்வதே நியாயம். ரெஃபரல் கோட்டுக்கு மேலுள்ளவற்றைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு வெட்டுப்புள்ளி வையுங்கள்.

புள்ளியை எங்கே வைப்பது என்பது உங்கள் கூட்டத்தைப் பொறுத்தது. மாடல் பாதிப்பை 90 சதவீதம் பிடிக்கிறது, பாதிப்பில்லாதவரை 90 சதவீதம் விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராம முகாமில் 1,000 பேரில் 60 பேருக்கு ரெஃபர் செய்யத்தக்க பாதிப்பு. 54 பேர் பிடிபடுவார்கள், 6 பேர் தப்புவார்கள். மீதி 940-இல் 94 பேர் தேவையில்லாமல் அனுப்பப்படுவார்கள். மருத்துவமனைக்குப் போகும் 148 பேரில் உண்மையான நோயாளி மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகம்தான். அதே மாடலை 1,000 பேரில் 300 பேருக்குப் பாதிப்புள்ள மருத்துவமனையில் வைத்தால், அனுப்பப்படும் 340 பேரில் 270 பேர் உண்மையான நோயாளிகள்.

இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு போட்டு, வாரத்துக்கு எத்தனை பேரைக் கண் மருத்துவர் பார்க்க முடியும் என்பதோடு ஒப்பிடுங்கள். மருத்துவர் 40 பேரைப் பார்க்க முடிகிற இடத்தில் 148 பேரை அனுப்பினால், நிலை 4-இல் இருப்பவரும் வரிசையின் கடைசியில் நிற்பார். அப்போதும் வெட்டுப்புள்ளியை உயர்த்தி ஆட்களைக் குறைப்பது சரியான தீர்வு அல்ல. ரெஃபரல் பட்டியலைத் தீவிரப்படி அடுக்குங்கள். ரெஃபர், ரெஃபர் இல்லை என்ற இரண்டோடு நிற்காமல் ஐந்து நிலையும் வேண்டும் என்று சொல்வது இதற்காகவே.

வெட்டுப்புள்ளியைச் சோதனைத் தொகுப்பில் பார்த்துப் பார்த்துத் திருத்தாதீர்கள். அதற்கென்று தனியே வைத்த படங்களில் ஒருமுறை முடிவு செய்து, பூட்டிவிடுங்கள்.

8. உங்கள் இடத்தில் மௌன ஓட்டம்

இப்போதுதான் மாடலை உங்கள் கிளினிக்கில் ஓட்ட வேண்டும். ஆனால் விடையை யாருக்கும் காட்டாமல். வழக்கமான பரிசோதனை வழக்கம்போல நடக்கட்டும், ஏஐயின் விடை பின்னணியில் சேரட்டும். மருத்துவர் விடையைப் பார்த்துவிட்டால் அவர் கண் அந்தப் பக்கமே சாயும், ஒப்பீடு கெட்டுவிடும்.

எத்தனை பேர் வேண்டும்? 90 சதவீதப் பிடிப்பை, கூடக்குறைய 5 சதவீதத்துக்குள் என்ற துல்லியத்தோடு சொல்ல 139 பாதிப்புள்ளவர்கள் தேவை. உங்கள் இடத்தில் 100-க்கு 8 பேருக்குப் பாதிப்பென்றால் ஏறக்குறைய 1,740 பேரைப் பரிசோதிக்க வேண்டும். நூறு பேரைப் பார்த்துவிட்டு நன்றாக வேலை செய்கிறது என்று அறிவிப்பது எண்ணிக்கையே இல்லாமல் பேசுவது. கடும் பாதிப்புள்ள 30 பேரையும் ஒருவர் விடாமல் பிடித்துவிட்டது என்றாலும்கூட, உண்மையில் 10 சதவீதம்வரை தவறவிடும் மாடலாக அது இருக்கக்கூடும்.

தேறாத படங்களைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். அவற்றை ரெஃபர் ஆனதாகச் சேர்த்தே எண்ணுங்கள். நீக்கினால் விகிதம் அழகாகும், உண்மை மறையும். வயது, கண்புரை, கேமரா, படமெடுத்தவர் என்று பிரித்தும் பாருங்கள்.

தவறிய ஒவ்வொரு படத்தையும் மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். காரணங்கள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும்: வயதானவர்களின் மஞ்சள் டிரூசன் புள்ளிகளைக் கொழுப்புப் படிவு என்று எடுத்துக்கொள்வது, இளையவர்களின் விழித்திரைப் பளபளப்பைப் பாதிப்பாகக் காண்பது, பழைய லேசர் தழும்பு, நரம்புத் தட்டின் மேலேயே முளைத்த மெல்லிய புது நாளத்தைப் பார்க்காமல் விடுவது. கடைசியாகச் சொன்னது ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு ஆராயுங்கள்.

9. நோயாளிக்கு விடை போகும் வழி

இரு கண்ணில் மோசமான கண் எதுவோ, அதுவே அந்த ஆளின் நிலை. சராசரி எடுக்கக் கூடாது.

சீட்டில் நிலை எண், செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள், எங்கே என்று நான்கு வரிகள் போதும். "நிலை 3" என்று மட்டும் எழுதினால் ஐந்தில் மூன்று, பாதிக்குப் பாதி என்று நினைத்துக்கொள்வார்கள். "விழித்திரையில் பாதிப்பு கடுமையாக இருக்கிறது. பார்வை இப்போது நன்றாகத் தெரிந்தாலும் இந்தத் தேதிக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். பார்வை தெளிவாக இருப்பதால்தான் பலர் போகாமல் விடுகிறார்கள்.

நிலை 0 வந்தவரின் சீட்டிலும் ஒரு வரி கட்டாயம்: "இது சர்க்கரை நோய் பாதிப்புக்கான பரிசோதனை மட்டும். கண் அழுத்த நோய், கண்புரை போன்றவை இதில் பார்க்கப்படவில்லை." இந்த வரி இல்லாவிட்டால் கண் முழுதும் நலம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எங்கே பார்த்து முடிவெடுத்தது என்று மாடல் வண்ணம் தீட்டிக் காட்டும் படம் மருத்துவருக்குப் பயன்படலாம். நோயாளியிடம் காட்ட வேண்டாம். சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் நோயின் இடம் என்று அதற்குப் பொருளில்லை.

இணையம் நின்றால் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள். படத்தை எடுத்துச் சேமித்து, நோயாளியின் ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டு, மாலையில் ஓட்டி விடை சொல்லலாம். விடைக்காக மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் அவர் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

10. ஓடத் தொடங்கியபின்

வாரந்தோறும் மூன்று எண்களைக் குறியுங்கள்: தேறாத படங்களின் விகிதம், ரெஃபர் ஆனவர்களின் விகிதம், ரெஃபர் ஆனவர்களில் மருத்துவரிடம் உண்மையில் போனவர்களின் விகிதம். முதல் எண் திடீரென உயர்ந்தால் லென்ஸையும் அறையையும் பாருங்கள், அல்லது புதிதாகச் சேர்ந்த படமெடுப்பவருக்குப் பயிற்சி கொடுங்கள். இரண்டாவது எண் மாறினால் கேமராவின் அமைப்போ மென்பொருளின் பதிப்போ மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு விடையோடும் பதிப்பு எண்ணைச் சேமித்திருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஏஐ "பாதிப்பில்லை" என்றவர்களில் இருபதில் ஒருவரின் படத்தையாவது மருத்துவர் மறுபடி பார்க்கட்டும். ரெஃபர் ஆனவர்களின் தவறு மருத்துவமனையில் தானாகவே தெரிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் தவறு, இப்படித் தேடிப் பார்த்தால் ஒழியத் தெரியவராது.

மென்பொருள் நிறுவனம் புதிய பதிப்பு தந்தால், மௌன ஓட்டத்தில் சேர்த்த படங்களைப் பூட்டி வைத்திருப்பீர்கள் அல்லவா, அவற்றின்மேல் முதலில் ஓட்டுங்கள். பழைய பதிப்பு பிடித்த நிலை 3, 4 படங்களில் ஒன்றைப் புதியது தவறவிட்டாலும், காரணம் தெரியும்வரை பழையதே ஓடட்டும்.